ஆகாயப் பேச்சைக் கேட்பது குற்றமா?

தலைக்கு மேலே விமானம் பறக்கிறது. "ஓ" என்று இரைச்சல் கேட்கிறது. குழந்தைகள் முற்றத்துக்கு ஓடி வந்து அண்ணாந்து பார்க்கிறார்கள். கையை ஆட்டுகிறார்கள். விமானம் மேகத்துக்குள் மறைகிறது.

அந்த இரைச்சலோடு இன்னொரு சத்தமும் வானத்தில் இருக்கிறது. அது வெறும் காதுக்குக் கேட்காது. விமானி பேசுகிறார். தரையில் இருக்கும் கட்டுப்பாட்டு அதிகாரி பதில் சொல்கிறார். இருவருக்கும் இடையே ரேடியோ அலை ஓடிக்கொண்டே இருக்கிறது.

அந்தப் பேச்சைக் கேட்பதையே பொழுதுபோக்காகக் கொண்டவர்கள் உலகில் பலர் இருக்கிறார்கள். தபால் தலை சேர்ப்பவர்கள் இல்லையா? பறவை பார்க்கப் போகிறவர்கள் இல்லையா? அதுபோல இதுவும் ஓர் ஆசை.

அமெரிக்காவில் இதற்குத் தடை இல்லை. பிரிட்டனில் தடை உண்டு. இந்தியாவில் அனுமதி இல்லாமல் அந்தக் கருவியை வைத்திருப்பதே சட்ட விரோதம்.

பேச்சு ஒன்றுதான். பொழுதுபோக்கும் ஒன்றுதான். ஒரு நாட்டில் அது விளையாட்டு. இன்னொரு நாட்டில் அது குற்றம். எது நியாயம்?

என்ன பேசுகிறார்கள்?

ஏதோ பெரிய ரகசியம் பேசுகிறார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி ஒன்றும் இல்லை.

எவ்வளவு உயரத்தில் பறக்கலாம்? எந்தப் பக்கம் திரும்பவேண்டும்? காற்று எப்படி அடிக்கிறது? எந்த ஓடுபாதையில் இறங்கவேண்டும்? இவைதான் பேச்சு. அதிகாரி ஒன்றைச் சொன்னால் விமானி அதை அப்படியே திருப்பிச் சொல்வார். சரியாகக் காதில் விழுந்ததா என்று தெரிந்துகொள்ளத்தான் இந்த ஏற்பாடு.

ஆங்கிலத்தில் "பி", "டி", "இ" எல்லாம் ஒரே மாதிரி ஒலிக்கும். இரைச்சலில் ஒன்று இன்னொன்றாகக் கேட்டால் ஆபத்து. எனவே ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு சொல் வைத்தார்கள். "ஏ" என்றால் ஆல்பா. "பி" என்றால் பிராவோ. "சி" என்றால் சார்லி. இந்த வரிசை 1956 மார்ச் 1-ந் தேதி உலகம் முழுவதும் விமானப் போக்குவரத்தில் நடைமுறைக்கு வந்தது.

"நைன்" என்ற எண்ணை "நைனர்" என்று சொல்வார்கள். "பைவ்" என்பதோடு அது குழம்பிவிடக் கூடாது என்பதற்காக.

ஆபத்து வந்துவிட்டால் "மேடே, மேடே, மேடே" என்று மூன்று முறை சொல்லவேண்டும். இந்தச் சொல் 1920-களின் தொடக்கத்தில் லண்டன் அருகே உள்ள கிராய்டன் விமான நிலையத்தில் பிறந்தது. அங்கே ரேடியோ அதிகாரியாக இருந்த பிரடெரிக் மாக்போர்டு என்பவர் இதைக் கொடுத்தார். "எனக்கு உதவுங்கள்" என்ற பிரெஞ்சுச் சொல்லின் ஒலியிலிருந்து இது வந்தது. 1927-ல் வாஷிங்டனில் நடந்த சர்வதேச ரேடியோ மாநாட்டில் இது ஏற்றுக்கொள்ளப்பட்டது.

எப்படிக் கேட்கிறார்கள்?

வீட்டில் இருக்கும் எப்.எம். ரேடியோவின் முள் 108-ல் நின்றுவிடும். விமானப் பேச்சு அதற்கு மேலே, 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரை உள்ள அலைவரிசையில் நடக்கிறது. அதற்குத் தனிக் கருவி உண்டு. "ஸ்கேனர்" என்று பெயர். எங்கே பேச்சு கேட்கிறது என்று அது தானாகவே தேடிப் பிடிக்கும்.

இந்த அலை நேர்கோட்டில் போகும். கோபுரத்தின் மேல் ஏறினால் சுற்றிலும் பத்து ஊர் தெரியும். தெருவில் நின்றால் எதிர் வீடுதான் தெரியும். அதுபோலத்தான் இதுவும். 35 ஆயிரம் அடி உயரத்தில் பறக்கும் விமானியின் குரல் 300 கிலோமீட்டருக்கு அப்பாலும் கேட்கும். தரையில் இருக்கும் அதிகாரியின் குரல் சில மைல்களிலேயே தேய்ந்துவிடும்.

ஆகையால் தொலைவில் இருப்பவருக்குப் பாதிப் பேச்சுதான் கிடைக்கும். பக்கத்து வீட்டுக்காரர் டெலிபோனில் பேசுவதைக் கேட்பது போல. மறுமுனையில் இருப்பவர் என்ன சொன்னார் என்பதை ஊகித்துக்கொள்ள வேண்டும். அந்த ஊகத்தில்தான் இந்தப் பொழுதுபோக்கின் ருசியே இருக்கிறது.

ஏன் பூட்டு இல்லை?

ஒரு கேள்வி எழலாம். பிறர் கேட்கக் கூடாது என்றால், பேச்சைப் பூட்டி வைத்துவிடலாமே? கைபேசிப் பேச்சை அப்படித்தான் பூட்டி வைத்திருக்கிறார்கள். விமானப் பேச்சை ஏன் அப்படிச் செய்யவில்லை?

காரணம் இருக்கிறது. ஒரு விமானி பேசுவதை அந்தப் பக்கத்தில் பறக்கும் எல்லா விமானிகளும் கேட்கவேண்டும். முன்னால் போகிறவர், "இங்கே காற்று குலுக்குகிறது" என்று சொன்னால், பின்னால் வருகிறவர் பெல்ட்டைப் போடச் சொல்லி பயணிகளை எச்சரிப்பார். ஓடுபாதையில் இன்னொரு விமானம் நிற்கிறது என்று காதில் விழுந்தால், இறங்க வருபவர் உஷாராகிவிடுவார்.

அதாவது, எல்லோரும் கேட்பதுதான் இங்கே பாதுகாப்பு. பேச்சு திறந்து கிடப்பது கவனக்குறைவால் அல்ல. வேண்டுமென்றே திறந்து வைத்திருக்கிறார்கள்.

அப்படித் திறந்து வைத்த பேச்சு, தரையில் உட்கார்ந்திருக்கும் ஒருவர் காதிலும் விழுகிறது. அதனால் யாருக்கு என்ன நஷ்டம்? ஒரு விளக்கின் வெளிச்சத்தில் ஒருவர் படித்தாலும் நூறு பேர் படித்தாலும் எண்ணெய் கூடுதலாகச் செலவாகாது. கேட்பதும் அப்படித்தான்.

எது உண்மையான ஆபத்து?

கேட்பது வேறு. குறுக்கே பேசுவது வேறு. இந்த வித்தியாசத்தைப் புரிந்துகொள்ள ஒரு பெரிய விபத்தைப் பார்க்கவேண்டும்.

1977 மார்ச் 27-ந் தேதி. ஸ்பெயின் நாட்டுக்குச் சொந்தமான டெனெரீப் தீவு. விமான நிலையத்தில் கடும் மூடுபனி. ஒரே ஓடுபாதையில் இரண்டு ஜம்போ விமானங்கள். ஒன்று நெதர்லாந்தின் கே.எல்.எம். விமானம். மற்றொன்று அமெரிக்காவின் பான் அம் விமானம். பனியில் ஒன்றுக்கு ஒன்று தெரியவில்லை.

கே.எல்.எம். விமானி கிளம்புவதாகச் சொன்னார். "பொறுங்கள்" என்று கோபுரத்திலிருந்து அதிகாரி பேசினார். அதே நேரத்தில், "நாங்கள் இன்னும் ஓடுபாதையில்தான் இருக்கிறோம்" என்று பான் அம் விமானியும் பேசினார். இரண்டு குரலும் ஒரே சமயத்தில் மோதின. கே.எல்.எம். விமானத்தில் கேட்டது "கீச்" என்ற சத்தம்தான். எச்சரிக்கை அந்தச் சத்தத்தில் மறைந்துபோனது.

இரண்டு விமானங்களும் மோதின. 583 பேர் மாண்டார்கள். விமானப் போக்குவரத்து வரலாற்றில் இவ்வளவு பேர் பலியான விமான விபத்து வேறு இல்லை.

வேறு காரணங்களும் அந்த விபத்துக்கு உண்டு. ஆனால் ஒன்று தெளிவு. ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேசலாம். இரண்டாவது குரல் எமனாக முடியும்.

வேண்டுமென்றே குறுக்கே பேசியவர்களும் உண்டு. 2016-ல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரத்தில் ஓர் இளைஞர் திருட்டுத்தனமாக விமான அலைவரிசையில் பேசினார். அதைக் கேட்டு ஒரு விமானம் இறங்காமல் மீண்டும் மேலே எழும்பியது. போலீசார் அவரைக் கைது செய்தார்கள். அவருக்குச் சிறைத் தண்டனை கிடைத்தது. நியாயமான தண்டனை.

சட்டத்தின் பிரம்பு அவர் மேல் விழட்டும். மூலையில் உட்கார்ந்து வாய் திறக்காமல் கேட்பவர் மேல் ஏன் விழவேண்டும்?

உயிர் காத்த காது

கேட்பவரால் நஷ்டம் இல்லை என்பது மட்டும் அல்ல. லாபமும் உண்டு. அதற்கு ஒரு வரலாறு சாட்சி.

1928-ம் ஆண்டு. இத்தாலி நாட்டுத் தளபதி உம்பர்ட்டோ நோபிலே, "இத்தாலியா" என்ற ஆகாயக் கப்பலில் வட துருவத்துக்குப் பறந்தார். மொத்தம் 16 பேர் போனார்கள். துருவத்தை அடைந்துவிட்டுத் திரும்பும்போது, மே 25-ந் தேதி ஆகாயக் கப்பல் பனிக்கட்டி மீது விழுந்து நொறுங்கியது. 10 பேர் பனியில் தூக்கி எறியப்பட்டனர். அவர்களில் ஒருவர் அங்கேயே இறந்தார். மற்ற 6 பேரோடு ஆகாயக் கப்பலின் மிச்சம் காற்றில் பறந்து போனது. அவர்கள் திரும்பவே இல்லை.

உயிர் தப்பியவர்களிடம் ஒரு சிறு ரேடியோ கருவி இருந்தது. பியாஜி என்ற ரேடியோக்காரர் அதை வைத்து, "காப்பாற்றுங்கள்" என்று ஓயாமல் செய்தி அனுப்பினார். அவர்களுக்காகவே காத்திருந்த கப்பலுக்கு அது கேட்கவில்லை. நாட்கள் ஓடின. எல்லோரும் இறந்துவிட்டார்கள் என்றே பலர் முடிவு கட்டிவிட்டார்கள்.

ஜூன் 3-ந் தேதி. ரஷியாவில் ஒரு மூலைக் கிராமம். நிக்கோலாய் ஷ்மிட் என்ற இளைஞர், தானே செய்த ரேடியோ கருவியில் எதையோ தேடிக்கொண்டிருந்தார். அவர் விமானப் படையில் இருந்தவர் அல்ல. அது அவருடைய பொழுதுபோக்கு. அவர் காதில் அந்த அபயக் குரல் விழுந்தது. துண்டு துண்டாகத்தான் கேட்டது. ஆனாலும் அவருக்குப் புரிந்துவிட்டது. உடனே மாஸ்கோவுக்குத் தந்தி அடித்தார்.

உலகம் விழித்துக்கொண்டது. கப்பல்கள் கிளம்பின. விமானங்கள் பறந்தன. ஜூன் மாதம் சுவீடன் நாட்டு விமானி ஒருவர் நோபிலேயை மீட்டு வந்தார். மற்றவர்களை ஜூலை 12-ந் தேதி ரஷியாவின் "கிராசின்" என்ற பனி உடைக்கும் கப்பல் ஏற்றிக்கொண்டது. மொத்தத்தில் 8 பேர் உயிரோடு வீடு திரும்பினார்கள்.

காவலுக்கு நின்ற கப்பலுக்குக் கேட்காதது, கிராமத்து இளைஞர் காதுக்குக் கேட்டது. "உனக்கு அனுப்பாத செய்தியை நீ ஏன் கேட்டாய்?" என்று அன்று யாரும் அவரைப் பிடித்து உலுக்கவில்லை.

சாட்சி சொல்லும் பேச்சு

பழைய கதை என்று தள்ளவேண்டாம். 2017 ஜூலை 7-ந் தேதி நள்ளிரவு நேரம். அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ விமான நிலையம். ஏர் கனடா விமானம் ஒன்று 140 பேருடன் இறங்க வந்தது. இரண்டு ஓடுபாதைகளில் ஒன்றை மூடி, விளக்கை அணைத்திருந்தார்கள். விமானிகள் குழம்பிப்போனார்கள். பக்கத்தில் இருந்த இணைப்புப் பாதையை ஓடுபாதை என்று நினைத்துவிட்டார்கள். அந்தப் பாதையில் 4 விமானங்கள் பயணிகளோடு வரிசையாக நின்றுகொண்டிருந்தன.

கீழே நின்ற விமானி ஒருவர் ரேடியோவில் சத்தம் கொடுத்தார். "இவர் எங்கே வருகிறார்? எங்கள் பாதைக்கு வருகிறாரே!" என்ற பொருளில் எச்சரித்தார். வந்த விமானம் சுமார் 60 அடி உயரம் வரை தாழ்ந்து, பிறகு எழும்பிவிட்டது. பெரும் விபத்து நூலிழையில் தவறியது.

அந்த விமானத்துக்குள் இருந்த ஒலிப்பதிவு, விசாரணைக்குக் கிடைக்கும் முன்பே அழிந்துபோனது. அடுத்த பயணத்தின் பதிவு அதன்மேல் ஏறிவிட்டது. ஆனால் வானத்தில் போன பேச்சு மிஞ்சியது. சர்க்கார் அலுவலகத்திலும் அது பதிவாகி இருந்தது. விமானப் பேச்சைக் கேட்டு இணையத்தில் ஒலிபரப்பும் ஆர்வலர்களின் பதிவும் இருந்தது. சில நாட்களிலேயே ஊர் உலகம் அதைக் கேட்டது. மூடி மறைக்க வழியில்லாமல் போயிற்று.

அமெரிக்கா, பிரிட்டன், இந்தியா

அமெரிக்காவில் 1986-ல் ஒரு சட்டம் வந்தது. கைபேசிப் பேச்சை ஒட்டுக் கேட்கக் கூடாது என்று அது சொன்னது. ஆனால் கப்பல் ரேடியோவையும் விமான ரேடியோவையும் கேட்கலாம் என்று விலக்கும் கொடுத்தது. அந்தரங்கப் பேச்சு எது, பொதுப் பேச்சு எது என்று பிரித்துப் பார்த்த சட்டம் அது.

பிரிட்டனில் நிலைமை வேடிக்கையானது. அங்கே ஸ்கேனர் வாங்கலாம். வீட்டில் வைத்திருக்கலாம். ஆனால் 2006-ம் ஆண்டு ரேடியோ சட்டப்படி, தனக்கு அனுப்பாத செய்தியைத் தெரிந்துகொள்ளும் நோக்கத்தோடு கேட்டால் குற்றம். அரிவாள்மனையை விற்கலாம், வாங்கலாம், காய் நறுக்கத்தான் கூடாது என்பது போல இருக்கிறது இது!

இந்தியாவில் 1933-ம் ஆண்டுச் சட்டம், உரிமம் இல்லாமல் ரேடியோ கருவி வைத்திருக்கக் கூடாது என்றது. பாட்டு கேட்கும் ரேடியோவுக்கே தபால் ஆபீசில் உரிமக் கட்டணம் கட்டிய காலத்தைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அது போய்விட்டது. ஆனால் ஸ்கேனர் போன்ற கருவிக்குக் கட்டுப்பாடு போகவில்லை. பழைய சட்டங்களுக்குப் பதிலாக 2023-ல் புதிய தொலைத்தொடர்புச் சட்டம் நிறைவேறியது. ரேடியோ கருவி வைத்திருக்க அரசின் அனுமதி வேண்டும் என்ற விதி அதிலும் இருக்கிறது.

2010 பிப்ரவரியில் டெல்லி விமான நிலையத்தின் அருகே ஓட்டலில் தங்கியிருந்த 2 பிரிட்டிஷ்காரர்கள் கைது செய்யப்பட்டார்கள். அவர்களிடம் ரேடியோ கருவியும் கேமராவும் இருந்தன. பயங்கரவாதிகளோ என்று சந்தேகம் எழுந்தது. விசாரித்ததில் அப்படி ஒன்றும் இல்லை. விமானம் பார்ப்பதில் பைத்தியம் கொண்டவர்கள், அவ்வளவுதான். குற்றத்தை ஒப்புக்கொண்டு ஆளுக்கு ரூ.25 ஆயிரம் அபராதம் கட்டிவிட்டு, ஏப்ரல் மாதம் ஊர் திரும்பினார்கள்.

போலீசாரைக் குறை சொல்ல முடியாது. மும்பையில் 2008 நவம்பரில் நடந்த கொடுமையை நாடு மறக்கவில்லை. சந்தேகப்படுவது அவர்கள் கடமை. ஆனால் சந்தேகம் தீர்ந்த பிறகும் குற்றம் நிற்கிறதே, அதுதான் யோசிக்கவேண்டிய விஷயம்.

பயம் நியாயமா?

"கெட்டவன் கேட்டால் என்ன செய்வது?" என்று கேட்பவர்கள் உண்டு. நல்ல கேள்விதான்.

கெட்டது செய்யத் துணிந்தவன் அபராதத்துக்குப் பயப்படுவானா? கருவி கையடக்கமானது. காதில் மாட்டிக்கொண்டால் வெளியே தெரியாது. தடையால் அகப்படுபவர்கள் பெரும்பாலும் ஒன்றும் அறியாத ஆசைக்காரர்கள்தான். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்த முடியுமா?

இன்னொன்றும் பார்க்கவேண்டும். விமானம் எங்கே பறக்கிறது என்பது இன்று ரகசியமே இல்லை. விமானங்கள் தாம் இருக்கும் இடத்தை ரேடியோ அலையில் தாமே சொல்லிக்கொண்டு போகின்றன. சுவீடனில் 2006-ல் விமான ஆசைக்காரர்கள் இருவர் அதைப் பிடித்துப் படமாகக் காட்டத் தொடங்கினார்கள். "பிளைட்ரேடார்24" என்று அதற்குப் பெயர். உலகெங்கும் பல்லாயிரம் பேர் வீட்டுக் கூரையில் கருவி வைத்து அதற்குத் தகவல் தருகிறார்கள். துபாயிலிருந்து மகன் வரும் விமானம் எங்கே வருகிறது என்று இங்கே தாய் கைபேசியில் பார்க்கிறாள். யாரோ ஒருவருடைய பொழுதுபோக்கு, அவள் வயிற்றில் பால் வார்க்கிறது.

ஆனால் ஓர் ஆட்சேபம் வலுவானது. விபத்து நடக்கும்போது விமானியின் கடைசிக் குரலும் கேட்பவர் காதில் விழும். அதைப் பதிவு செய்து ஊரெல்லாம் பரப்பினால், அவருடைய மனைவி மக்கள் மனம் என்ன பாடுபடும்? விசாரணைக்குக் கொடுப்பது சாட்சி. வேடிக்கைக்குப் பரப்புவது பாவம். இங்கே கட்டுப்பாடு வேண்டியதுதான்.

வழி இருக்கிறது

நம் நாட்டிலேயே ஒரு நல்ல உதாரணம் உண்டு. "ஹாம் ரேடியோ" என்ற பொழுதுபோக்கு. பரீட்சை எழுதித் தேறினால் சர்க்காரே உரிமம் தருகிறது. அவர்கள் கேட்பது மட்டும் அல்ல, பேசவும் செய்கிறார்கள்.

2004 டிசம்பர் 26-ந் தேதி சுனாமி வந்தபோது அந்தமானில் தகவல் தொடர்பு அறுந்துபோனது. அனுமதி பெற்று அங்கே போயிருந்த ஹாம் ரேடியோக்காரர்கள் உடனே கருவியை எடுத்து வைத்து, உறவினர் நிலைமையைப் பலருக்குத் தெரிவித்தார்கள். அன்று அனுமதி கொடுத்த கை பலன் கண்டது.

பேசுவதற்கே உரிமம் கொடுக்கும் நாடு, கேட்பதற்கு ஓர் உரிமம் கொடுக்கக் கூடாதா?

பெயரையும் விலாசத்தையும் பதிவு செய்யட்டும். சிறு கட்டணம் வாங்கட்டும். மூன்று நிபந்தனைகள் போதும். கருவியில் பேசும் வசதி இருக்கக் கூடாது. ராணுவ அலைவரிசைப் பக்கம் போகக் கூடாது. ஆபத்தில் இருப்பவர் குரலைப் பரப்பக் கூடாது. மீறினால் கடும் தண்டனை. இப்படிச் செய்தால் கேட்பவர் யார் என்பது சர்க்காருக்கும் தெரியும். இருட்டில் செய்வது வெளிச்சத்துக்கு வந்துவிடும்.

பள்ளிப் பிள்ளைகளுக்கும் இது நல்லது. அலை என்றால் என்ன, காற்று எப்படி அடிக்கிறது, பூமி ஏன் வளைந்திருக்கிறது என்பதை எல்லாம் புத்தகத்தில் படிப்பதைவிடக் காதால் கேட்டுக் கற்கலாம். நாளை விமானி ஆகவேண்டிய பெண்ணும், கட்டுப்பாட்டு அதிகாரி ஆகவேண்டிய பையனும் இன்று எந்தச் சிற்றூரில் இருக்கிறார்களோ, யார் கண்டது?

அந்த உரிமம் வரும்வரை யாரும் அவசரப்பட்டு ஸ்கேனரை வாங்கி வைத்துக்கொண்டு வம்பில் மாட்டவேண்டாம். சட்டம் சரியில்லை என்றால் அதை மாற்றச் சொல்லவேண்டுமே தவிர, மீறக் கூடாது.

மாற்றச் சொல்வதற்கு நியாயம் இருக்கிறது. வாயால் கெட்டவர்கள் ஆயிரம் பேர். காது கொடுத்துக் கேட்டதால் ஊரைக் கெடுத்தவர்கள் எத்தனை பேர்? பூட்டு போடவேண்டிய இடம் வாய். காதுக்குப் பூட்டு போட்டுவிட்டால், நாளைக்கு எங்கிருந்தோ ஓர் அபயக் குரல் வரும்போது, அதைக் கேட்க ஆள் இருக்காது.